ரவுட்டரால் குடைந்து தீயால் கருக்கிய வீட்டுப் பெயர்ப்பலகை: டர்பன் வெயிலில் எது தாங்குகிறது, எது போய்விடுகிறது

வாசலில் மாட்டிய முதல் மாதத்தில் எல்லாப் பலகையும் அழகுதான். இரண்டு கோடை கழிந்தபின் எது படிக்க முடிகிறது என்பதுதான் கேள்வி. தென்னாப்பிரிக்கக் கடலோர நகரான டர்பனின் ஈரக் காற்றும் உப்பும் வெயிலும் சேரும்போது, சூட்டுப் பேனாவால் மேலோட்டமாகச் சுட்டு எழுதிய பழுப்பு எழுத்து முதலில் வெளிறும். ஆழமாகக் குடைந்து அதன்பின் கருக்கிய எழுத்து, கருப்பு போனாலும் நிழலால் நிற்கும். எழுத்தைத் தாங்குவது பள்ளம், தீ அதற்குப் பூசும் சாயம். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மரத்தையும், ரவுட்டர் என்னும் மரம் குடையும் சுழல் கருவியின் வெட்டுமுனையான பிட்டையும், எழுத்துருவையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மரத்திலிருந்து தொடங்குவோம். இங்கே கைக்கு எளிதாகக் கிடைப்பது பைன். 22 மி.மீ. கனப் பலகை, விலை குறைவு, பழகுவதற்கு நல்லது. ஆனால் பைனில் வெளிர் வளையம் மென்மை, கருவளையம் கடினம். மென்மையில் வழுக்கி ஓடும் பிட், கடினத்தில் மோதி விலகும். தீயும் அப்படியே: மென்மையான பட்டை சட்டென்று கருகும், கருவளையம் பின்தங்கும், பள்ளத்தின் அடியில் வரிவரியாகத் தெரியும். கணு இருந்தால் பிசின் கொதித்து வெளியே வரும். அதன்மேல் பூசிய வார்னிஷ் பிறகு ஒட்டாது. ஆகவே எழுத்து விழும் இடத்தில் கணு இல்லாத பலகையாகப் பொறுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. H2, H3, H4 என்று மருந்தேற்றிய முத்திரை குத்திய மரம், அல்லது பச்சை சாயல் அடிக்கும் வேலிக் கட்டை, கூரைக் கட்டை, எதையும் சுடக் கூடாது. பச்சை சாயல் பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தின் அடையாளம். ஆர்செனிக் புகையிலும் போகும், சாம்பலிலும் தங்கும். கிரியோசோட் ஊறிய கம்பத்துக்கும் இதே விதி. "பழைய கட்டைதானே, மருந்தெல்லாம் போயிருக்கும்" என்ற சமாதானம் வேண்டாம், போவதில்லை.

நீண்ட நாள் நிற்கவேண்டுமென்றால் கியாட். நம் ஊர் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் இது ஒரே குலம். ஆப்பிரிக்க வேங்கை என்றே சொல்லலாம். பட்டையைக் கீறினால் வேங்கையைப் போலவே சிவந்த பால் வடியும். வைரம் பாய்ந்த பகுதி ஈரத்தில் மிகக் குறைவாகவே ஊதிச் சுருங்கும். ரவுட்டர் பிட் அதில் வெண்ணெயில் கத்தி போல் போகும். குறை இரண்டு: அதன் தூள் சிலருக்கு மூக்கையும் நெஞ்சையும் அரிக்கும், முகமூடி இல்லாமல் தொடவேண்டாம். மற்றொன்று, மரமே பழுப்பு என்பதால் கருக்கிய எழுத்து பைனில் தெரிவதுபோல் பளிச்சென்று எட்டத்திலிருந்து தெரியாது. அதனால் கியாட்டில் எழுத்தை இன்னும் 2 மி.மீ. ஆழமாக விடவேண்டும். சலிக்னா யூகலிப்டஸ் நடுத்தரம்: கடினமானது, நன்றாகக் கருகும், ஆனால் நன்கு காயாத பலகை முறுக்கிக்கொள்ளும்.

இனி எழுத்து. இந்த வேலையில் அதிகம் கெடுவது இங்கேதான். ஆங்கில எழுத்துக்குச் சொல்லும் வழியை அப்படியே பின்பற்றினால் தமிழ் எழுத்தின் சுழிகள் உடைந்துவிடும். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண, ஐ, இவற்றின் சுழிக்குள் தங்கும் மரம் ஒரு சின்னத் தீவு. நார் ஓட்டம் அதன் குறுக்கே வெட்டப்பட்டுக் குட்டையாகிவிடுகிறது, பிட் தொட்டதும் சில்லாகத் தெறிக்கிறது. விதி எளிது: சுழிக்குள் மிஞ்சும் தீவின் குறுகிய அகலம், பிட்டின் அகலத்துக்குக் குறையக் கூடாது. 6 மி.மீ. பிட் என்றால் தீவு 6 மி.மீ. ஆவது இருக்கவேண்டும். மூன்று சுழி ண-வில் இதைக் காப்பாற்ற எழுத்து உயரம் 80 மி.மீ.க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீவைக் காக்க சூப்பர் க்ளூ ஊற்றும் வழக்கம் உண்டு. பின்னால் தீ வைக்கப்போகிற பலகையில் அது தவறு: சூடேறினால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஆவி கிளம்பும்.

கோட்டின் கனம் எங்கும் ஒன்றாக இருக்கும் எழுத்துருவே கைரவுட்டருக்கு ஏற்றது. தடித்தும் மெலிந்தும் ஓடும் எழுத்துருவைக் கையால் பின்தொடர முடியாது. அச்செடுக்கும்போது கவனம்: சில வரைபடச் செயலிகள் தமிழைச் சரியாகக் கோர்ப்பதில்லை. கொம்பு எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தின் தலைக்கு நகர்ந்துவிடும். முதலில் பி.டி.எஃப் ஆக்கி, பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டில் இளையவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாத நிலை இங்கே சாதாரணம். மரத்தில் ஒட்டும் முன் தாத்தாவிடமோ ஆயாவிடமோ ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புள்ளி விட்டுப்போன "இல்லம" பலகையில் ஏறிவிட்டால் திருத்தலாம், ணகரத்துக்கு ஒரு சுழி குறைந்தால் பலகையையே மாற்றவேண்டியதுதான்.

இடைவெளியும் தமிழுக்குத் தனிக் கணக்கு. விலங்குச்சுழி மேலே ஏறும், கு, மு, ழு கீழே இறங்கும். 80 மி.மீ. எழுத்துக்கு மேலே 25, கீழே 30 மி.மீ. ஒதுக்கினால் மொத்தம் 135. 220 மி.மீ. அகலப் பலகையில் ஓரத்துக்குத் தலா 40 மி.மீ.க்கு மேல் மிஞ்சும், அது போதும். "அன்பகம்" போன்ற ஐந்தெழுத்துப் பெயர் 600 மி.மீ. நீளத்தில் வசதியாக உட்காரும். ஏறக்குறைய 3 மீட்டர் தூரத்துக்கு 25 மி.மீ. உயரம் என்பது பெயர்ப்பலகைக்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. 80 மி.மீ. என்றால் கேட்டுக்கு வெளியே நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும்.

வடிவத்தைப் பைனுக்குக் கார்பன் தாளில் எடுக்கலாம். கியாட்டில் கார்பன் கோடு தெரியாது. அச்சுத் தாளையே பசையால் ஒட்டி, தாளோடு சேர்த்துக் குடையுங்கள். மிச்சத் தாள் உப்புத்தாளில் போய்விடும்.

கருவி: ஒரு கையில் அடங்கும் டிரிம் ரவுட்டர் போதும். பெரிய பிளஞ்ச் ரவுட்டர் சுழிகளில் திரும்பாது. பிட்டின் தண்டைக் கவ்வும் கோலெட்டைச் சரிபாருங்கள். இங்கே 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும், அதாவது 6.35 மி.மீ., அடுத்தடுத்த தட்டில் விற்கின்றன. கால் அங்குலக் கோலெட்டில் 6 மி.மீ. தண்டைப் போட்டு முறுக்கினால் பிடித்ததுபோல் தோன்றும். ஓட்டத்தில் வழுகிக் கீழிறங்கும், பள்ளம் தானாக ஆழமாகும், கடைசியில் பிட் கழன்றுவிடவும் கூடும்.

வி-பிட்டா, உருண்டை முனைப் பிட்டா? வி-பிட்டில் ஆழமும் அகலமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. 90 பாகை பிட்டில் 5 மி.மீ. ஆழத்துக்குக் கோடு 10 மி.மீ. அகலம். 60 பாகையில் அதே 10 மி.மீ.க்கு ஏறத்தாழ 8.7 மி.மீ. இறங்கவேண்டும். பலகை நடுவில் அரை மி.மீ. வளைந்திருந்தால் 90 பாகையில் கோடு 1 மி.மீ. தடிக்கும் அல்லது மெலியும், 60 பாகையில் அதில் பாதிக்குச் சற்று மேல். 6 மி.மீ. உருண்டை முனைப் பிட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 3 மி.மீ. ஆழம் தாண்டியபின் எவ்வளவு இறங்கினாலும் கோடு 6 மி.மீ. தான். வீட்டில் செய்யும் பலகை ஆடாமல் சமதளமாக இருப்பது அரிது, அதனால் உருண்டை முனைக்கே எங்கள் ஓட்டு. தமிழ்ப் புள்ளிக்கும் அதே பிட்டை நேராக இறக்கி எடுத்தால் வட்டம் தானாக அமையும். ஆனால் 6 மி.மீ. புள்ளி எட்டத்திலிருந்து தெரியாது. சின்ன வட்டமாகச் சுற்றி 10 மி.மீ. ஆக்குங்கள்.

ஓட்டும் கை: பிட் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. உங்களிடமிருந்து முன்னால் தள்ளினால் கருவி இடப்பக்கம் இழுக்கும். வலப்பக்கம் நகர்த்தினால் முன்னால் ஓடப் பார்க்கும். இழுக்கும் பக்கம் தெரிந்தால் கை முன்கூட்டியே எதிர்க்கும். இரண்டு மணிக்கட்டையும் பலகையில் பதித்து, கருவியை அடித்தட்டருகே பிடியுங்கள். ஒரு நடைக்கு, அதாவது ஒருமுறை ஓட்டுவதற்கு, 2 மி.மீ., மொத்தம் மூன்று நடை. சுழிகளை முதலில், நீண்ட கோடுகளைப் பிறகு. முதல் நடையில் விழும் கோணல் அடுத்த இரண்டு நடைக்கும் வழிகாட்டியாகிவிடும், ஆகவே முதல் நடையில் அவசரம் வேண்டாம். நின்று நின்று ஓட்டினாலும் கெடுதி: பிட் உராய்ந்து பள்ளத்தின் சுவரைப் பளபளப்பாகக் கருக்கும், அங்கே தீயின் நிறமும் வேறாக விழும்.

மின்வெட்டு இந்த நாட்டுக்குப் புதிதல்ல. வெட்டு நடுவில் மின்சாரம் போனால் முதல் வேலை சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குவது. பல சின்ன ரவுட்டர்களில் மீள்தொடக்கத் தடுப்பு கிடையாது. மின்சாரம் திரும்பியதும் மேசையில் கிடக்கும் கருவி தானாகச் சுழலும். 18 வோல்ட் பேட்டரி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

தீ வைப்பதற்கு முன் ஒரு முக்கியமான கணக்கு. கேஸ் டார்ச்சின் தீ முதலில் பள்ளத்தின் அடியைப் பிடிக்காது, விளிம்பைப் பிடிக்கும். கூர்மையான விளிம்பில் மரம் குறைவு, சீக்கிரம் சூடேறும். விளிம்பு கருகி உதிர்ந்தால் எழுத்து மங்கலாகிவிடும். அதனால் தேவையான ஆழத்துக்கு மேல் 1 மி.மீ. கூடுதலாகக் குடையுங்கள். கருக்கியபின் முகப்பை இழைத்து, அந்தக் கருகிய விளிம்பை எடுத்துவிட்டால் எழுத்து கத்தி வெட்டியதுபோல் நிற்கும். வேலை முழுவதிலும் அதிகப் பலன் தருவது இந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

டார்ச்சின் நீல முனையைப் பள்ளத்திலிருந்து 3 அல்லது 4 செ.மீ. தள்ளி, நிற்காமல் நகர்த்துங்கள். நாருக்குக் குறுக்காக வெட்டுண்ட வளைவுகள் நார்வழிக் கோட்டைவிட அதிகம் கருகும், அங்கே கை வேகமாகப் போகட்டும். குளிர்கால இறுதியில் பெர்க் காற்று வீசும் நாளில் இந்த வேலையே வேண்டாம். சூடான உலர் காற்றில் ஒரு பொறி பக்கத்துக் காய்ந்த புல்லுக்குப் போதும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பலகையை மறுபடி தொட்டுப் பார்ப்பது, இரண்டும் கட்டாயம். கரி உள்ளே கங்காகக் கனன்றுகொண்டிருக்கும்.

சூட்டுப் பேனாவுக்கும் இடமுண்டு: டார்ச் எட்டாத சின்னச் சுழியின் உட்புறம், ஓரத்து வேலைப்பாடு. பேனா ஓடும் இடத்தை 240 எண் உப்புத்தாள் வரை தேய்த்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் எழும்பிய நாரில் முனை தட்டித் தட்டிப் போகும்.

மரம் முழுவதும் ஆறியபின், நைலான் தூரிகையால் உதிரிக் கரியைத் தட்டி எடுங்கள். அடுத்து பள்ளத்துக்குள் மட்டும் அரக்கு பாலிஷை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு. இதைத் தவிர்த்தால், முகப்பைத் தேய்க்கும்போது கரித்தூள் பைனின் துளைகளில் ஏறி, பலகை முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் அழுக்காகும். எத்தனை தேய்த்தாலும் அது போகாது. பாலிஷில் இருப்பது ஸ்பிரிட், கங்கு மிச்சமிருக்கும் பலகையில் அதைப் பூசினால் தீப்பிடிக்கும். பிறகு 120, 180 எண் தாள்களைக் கட்டையில் சுற்றி நார்வழியே தேய்த்தால் போதும்.

வெளிப்பூச்சைப் பற்றி நீண்டகால அனுபவம் சொல்வது இது. தடித்த வார்னிஷ் முதல் ஆண்டு கண்ணாடிபோல் இருக்கும். இரண்டாம் ஆண்டு பலகையின் இரு முனைகளில் நீர் புகுந்து வெள்ளையாகத் தோல் உரியும், அதை முழுக்கச் சுரண்டாமல் மறுபூச்சு நிற்காது. பள்ளத்துக்குள் சுரண்டுவது பெரும் பாடு. ஆளிவிதை எண்ணெய் உரியாது, ஆனால் டர்பன் ஈரத்தில் அதன்மேல் கரும்புள்ளிப் பூஞ்சை பிடிக்கும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றும், விரித்துக் காயவையுங்கள். இடைவழி: மரத்துக்குள் ஊறும், புற ஊதாக் கதிர் தடுப்பும் பூஞ்சைத் தடுப்பும் சேர்ந்த வெளிப்புற எண்ணெய். முனைகளுக்கு மட்டும் மூன்று பூச்சு, மற்ற இடத்துக்கு இரண்டு.

எந்தச் சுவர் என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கும். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. வடக்கும் மேற்கும் பார்த்த சுவரில் ஆறேழு மாதத்தில் மறுபூச்சு வேண்டும். தெற்குப் பார்த்த வராந்தாவில் ஒன்றரை ஆண்டு தாங்கும். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் பழக்கத்தில் தென்சுவரை வெயில் சுவராக எண்ணிவிடுவார்கள்.

திருகாணி துருப்பிடிக்காத 316 எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பாணி கடற்காற்றில் துருப்பிடிப்பதோடு, மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து நீலக்கறுப்பாக வழியும். பலகையின் மேல்கீழ் இரு வரிசையில் ஆணி அடித்தால் ஒரு வரிசைத் துளையை நீள்வட்டமாக வெட்டுங்கள். 220 மி.மீ. அகலப் பைன், ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் சுமார் 2 மி.மீ. நகரும். டர்பனில் செய்த பலகையை ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் உள்ள உறவினருக்கு அனுப்பினால் இன்னும் கவனம் தேவை, அங்கத்திய குளிர்கால வறட்சியில் இறுகப் பூட்டிய பலகை சுழியின் ஓரத்தில்தான் பிளக்கும். சுவருக்கும் பலகைக்கும் இடையே 10 மி.மீ. கட்டை வைத்துக் காற்றோட விடுங்கள்.

மூன்றாம் ஆண்டில் கருப்பு வெளிறினால் பலகையைக் கழற்றி, பள்ளத்துப் பழைய எண்ணெயைச் சுரண்டி எடுத்து, பள்ளம் முழுக்கக் காய்ந்தபின் டார்ச்சை லேசாக ஒருமுறை ஓட்டலாம். எண்ணெய் ஈரம் மிச்சமிருந்தால் அது கொழுந்துவிட்டு எரியும். மெல்லிய பழுப்பாகச் சுட்ட இடங்கள்தான் முதலில் போயிருக்கும், நன்றாகக் கரியான இடம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்த மறுசுடலுக்குப் பின் முகப்பை இழைக்க, தொடக்கத்தில் விட்ட ஆழத்தில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் மிச்சமிருக்கவேண்டும்.