எஃப்-35ஆ, கிரிப்பனா? கனடாவின் இழுபறி

2023 ஜனவரியில் அமெரிக்காவின் 88 எஃப்-35 போர் விமானங்களை 1,900 கோடி கனடா டாலருக்கு வாங்கப்போவதாகக் கனடா அறிவித்தது. விஷயம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்புறம் டிரம்ப் திரும்பி வந்தார். கனடாவை 51-வது மாநிலம் என்றார், வரியும் போட்டார். 2025 மார்ச்சில் பிரதமரான மார்க் கார்னி, பதவியேற்ற கையோடு மறு ஆய்வுக்கு உத்தரவிட்டார். முதல் 16 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று. பேச்செல்லாம் மிச்சம் 72 பற்றித்தான். அதைக் குறிவைத்து நிற்பது சுவீடனின் கிரிப்பன்-இ.

திறமையை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. கனடா ராணுவத்தின் 2021 மதிப்பீட்டில் 60-க்கு எஃப்-35 எடுத்தது 57.1, கிரிப்பன் 19.8. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து வானத்தைக் காவல் காக்கும் நோராட் அமைப்புக்கும் எஃப்-35தான் தோது. விலைதான் கையைக் கடிக்கிறது: 2025 ஜூன் தணிக்கை அறிக்கைப்படி செலவு 2,770 கோடி டாலர். ஆயுதம், கட்டுமானம் தனி.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. எஃப்-35-இன் மென்பொருள் மேம்பாடு அமெரிக்கா கையில். உதிரிபாகங்களும் வாங்கிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான கிடங்குச் சரக்கு. விமானத்தில் பொருத்தும்வரை அவை அமெரிக்காவின் சொத்து. கிரிப்பனோ நெடுஞ்சாலையிலேயே இறங்கும். ஒரு நிபுணரும் நாலைந்து வீரர்களும் சில நிமிடங்களில் எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். தயாரிப்பாளரான சாப் நிறுவனம், கனடாவிலேயே தயாரித்து வேலை தருகிறோம் என்கிறது. 1959-இல் தன் சொந்தப் போர் விமானமான ஆவ்ரோ ஆரோ திட்டத்தை ஒரே நாளில் ரத்துசெய்து ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியதை இன்னும் மறக்காத நாடு அது. இந்தப் பேச்சு அங்கே எடுபடும்.

சரி, கிரிப்பன் வாங்கினால் அமெரிக்கப் பிடி விட்டுவிடுமா? விடாது. அதன் இன்ஜின் அமெரிக்க ஜிஇ நிறுவனத்தின் எஃப்414. இதே சாப் நிறுவனத்தின் விகன் விமானத்தை 1978-இல் இந்தியா வாங்கப் பார்த்தபோது, இன்ஜினில் அமெரிக்கத் தொழில்நுட்பம் இருக்கிறது என்று சொல்லி வாஷிங்டன் தடுத்துவிட்டது. ஜிஇ இன்ஜின் வராமல் இந்தியாவின் தேஜஸ் போர் விமானம் காத்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விமானி பயிற்சி, சிமுலேட்டர், உதிரிபாகக் கிடங்கு எல்லாமே இரண்டிரண்டாக வேண்டும். விமானிகளுக்கே தட்டுப்பாடுள்ள படைக்கு அது தாங்காது. நானாக இருந்தால் 88-ஐயும் எஃப்-35ஆகவே வாங்கிவிட்டு, சொந்தமாக உதிரிபாகம் சேர்த்து வைக்க மல்லுக்கட்டுவேன்.

இழுபறி ஒன்றும் டிரம்ப் தொடங்கியதல்ல. அப்போதைய பிரதமர் ஹார்ப்பரின் அரசு 65 எஃப்-35 வாங்குவதாகச் சொன்னது 2010-இல். 2015-இல் ட்ரூடோ வேண்டாம் என்றார். நடுவில் ஆஸ்திரேலியா கழித்துக்கட்டிய எஃப்-18களை வாங்கி ஒப்பேற்றினார்கள். ரஷ்யக் குண்டுவீச்சு விமானம் ஆர்க்டிக் பக்கம் தலைகாட்டினால், கோல்ட் லேக் தளத்திலிருந்து இன்னும் 1980களின் சிஎஃப்-18தான் கிளம்புகிறது.