ஸ்டுடியோக்காரரா, டாக்குமென்டரிக்காரரா? ஒரே கல்யாணம், இரண்டு ஆல்பம்

தங்கை கல்யாணத்துக்கு மதுரையில் மண்டபம் பிடித்த அன்றைக்கே வீட்டில் போட்டோ சண்டை தொடங்கிவிட்டது. அப்பாவுக்கு எங்கள் தெரு ஸ்டுடியோக்காரர்தான் வேண்டும். எங்கள் காதுகுத்திலிருந்து எல்லா விசேஷத்துக்கும் அவர்தான். தங்கைக்கோ, யாரையும் நிறுத்தி வைக்காமல் நடப்பதை நடந்தபடியே எடுக்கும் ஆள், அதாவது டாக்குமென்டரிக்காரர், வேண்டும். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டு பேரையும் அமர்த்தினோம். செலவு வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஒரே முகூர்த்தத்தை இரண்டு கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'கேண்டிட்' (போஸ் இல்லாமல் இயல்பாக எடுப்பது) என்றே பெயர். "அப்படியே கீழே பார்த்துச் சிரிங்க மேடம், நான் இல்லைன்னு நினைச்சுக்குங்க" என்று சொல்லி எடுப்பதும் கேண்டிட் பேக்கேஜில்தான் வருகிறது. அது போஸ்தான், கேமராவைப் பார்க்காத போஸ். டாக்குமென்டரி என்று சொல்பவர் எதையும் திரும்பச் செய்யச் சொல்லக் கூடாது. ஆளைக் கண்டுபிடிக்க ஒரே வழி, இன்ஸ்டாகிராமில் பொறுக்கிப் போட்ட இருபது படத்தை விட்டுவிட்டு, ஏதாவது ஒரு கல்யாணத்தின் முழு கேலரியைக் காட்டச் சொல்வது. தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

தாலி கட்டும் நேரத்துக்கு வருவோம். வித்தியாசம் முழுக்க அங்கேதான். முடிச்சு விழுவது கழுத்துக்குப் பின்னால், பெண்ணின் முகம் முன்னால். ஒரு கேமராவுக்கு இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. ஸ்டுடியோக்காரர் இதற்கு முப்பது வருடமாக ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்: "மாப்பிள்ளை, ஒரு செகண்டு, இங்க பாருங்க." ஐயர் கெட்டிமேளம் சொல்லிவிட்டார், அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளை தாலியைக் கழுத்தோரம் பிடித்தபடி கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். படம் கச்சிதம். தாலி, இரண்டு முகம், மாலை எல்லாம் தெளிவு. அரக்குப் பட்டின் நிறம்கூட அச்சு அசலாக வந்திருக்கிறது.

டாக்குமென்டரிக்காரர் இரண்டு பேராக வந்திருந்தார்கள். ஒருவர் ஓமகுண்டத்துக்கு இடப்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார், இன்னொருவர் பெண்களோடு பெண்களாகத் தங்கைக்குப் பின்னால். பின்னாலிருந்து எடுத்ததில் நாத்தனார் விரல்கள், சடைப்பூவில் சிக்கிக்கொண்ட மஞ்சள் கயிறு. முன்னாலிருந்து எடுத்ததில் குனிந்த தலை, ஓரத்தில் ஸ்டுடியோ வீடியோக்காரரின் முழங்கை. இன்னொன்றில் அம்மா. அம்மா தாலி கட்டுவதைப் பார்க்கவே இல்லை. மேடை ஃபேன் காற்றில் குத்துவிளக்கு அணைந்துவிடக் கூடாதென்று சுடருக்குக் கையை அணைகொடுத்தபடி நிற்கிறாள். நான் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன், கவனிக்கவில்லை. அம்மாவும் இதுவரை சொன்னதில்லை.

இதைப் படித்ததும் டாக்குமென்டரிக்கே அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? எங்கள் பெரியப்பா கதையையும் கேட்டுவிட்டுப் போங்கள். சிவகாசியிலிருந்து வேன் வைத்து 17 பேரைக் கூட்டி வந்தவர். டாக்குமென்டரிக்காரர் தந்த 600 சொச்சம் படங்களில் அவர் ஒரே ஒன்றில் இருக்கிறார்: பந்தியில், இலைப் பாயசத்தை வழித்து வாய்க்குக் கொண்டுபோகும் கணம். அழகான படம்தான். "நான் சாப்பிடத்தான் வந்தேனாப்பா?" என்று கேட்டார். ஸ்டுடியோ ஆல்பத்தில் பதினேழு பேரோடும் மேடையில் நிற்கும் படத்தைக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது.

டாக்குமென்டரிப் பாணி பிறந்த இடம் அப்படி. பத்திரிகைப் படக்காரர்கள் வழியில் வந்தது இது. 1996 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் கம்பர்லாந்து தீவில், அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் திருமணம் நடந்தபோது, சின்னஞ்சிறு மரத் தேவாலயத்தின் வாசலில் அவர் மணமகள் கையை முத்தமிட்ட படம் உலகமெங்கும் போனது. எடுத்தவர் டெனிஸ் ரெஜி, இந்தப் பாணியை அமெரிக்காவில் பரப்பியவர்களில் முக்கியமானவர். அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் சுமார் 40 பேர். எங்கள் மண்டபத்தில் ஒரு பந்திக்கே 200 இலை.

வெளிச்சத்தில் ஸ்டுடியோக்காரர் கை ஓங்கியது, ரிசப்ஷனில் மட்டும். ஊதாவும் ரோஸுமாக எல்.ஈ.டி அடிக்கும் மேடையில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் எல்லோர் முகமும் கத்தரிக்காய். பின்னால் எல்.ஈ.டி சுவர் இருந்தால் சில படங்களில் கோடு கோடாகவும் விழும். காலை முகூர்த்தத்தில் கதை மாறியது: மேடைப் பக்கத்து ஜன்னல் வெயிலும் ஓமப் புகையும் சேர்ந்து வந்த படங்களுக்குப் பக்கத்தில் ஃபிளாஷ் படங்கள் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருந்தன.

கணக்கு. ஸ்டுடியோக்காரர் போட்டோ, வீடியோ, ஆல்பம் எல்லாம் சேர்த்து 70 ஆயிரம் வாங்கினார். எடுத்ததெல்லாம் பென் டிரைவில் பத்தே நாளில் வந்தது, கண் மூடியவை உட்பட. மற்றவர் இரண்டு நாளுக்கு, ஆல்பம் இல்லாமல், 1 லட்சத்து 10 ஆயிரம். பொறுக்கி, நிறம் திருத்திய படங்கள் மட்டும், அதுவும் மூன்று மாதம் கழித்து. மீதியைக் கேட்டால் தர மாட்டார். காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கொட்டேஷனின் கடைசி வரியில் அந்த உரிமையைப் படம் எடுப்பவர் பக்கம் எழுதியிருப்பார்கள். தங்கை அதை அடிக்கச் சொன்னாள், மறுபேச்சில்லாமல் அடித்தார்.

ஒருவரை அமர்த்தத்தான் காசு இருக்கிறது, வருவது நூறு நூற்றைம்பது பேர் என்றால், டாக்குமென்டரிக்காரரையே பிடித்து, சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் குடும்பப் படம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யார் யாரோடு என்ற பட்டியலை ஒரு சித்தப்பா கையில் கொடுத்துவிடுங்கள். ஆயிரம் பேர் கல்யாணம் என்றால் ஸ்டுடியோக்காரர் இல்லாமல் முடியாது. இரண்டு பேரும் உண்டென்றால் எங்களைப் போல இரண்டு நாளும் இருவரையும் வைக்காதீர்கள். ரிசப்ஷன் ஸ்டுடியோக்காரருக்கு, முகூர்த்தம் டாக்குமென்டரிக்காரருக்கு என்று பிரித்திருந்தால் எங்களுக்கு 50 ஆயிரமாவது மிஞ்சியிருக்கும், அந்த முழங்கையும் படத்தில் விழுந்திருக்காது.