சொல்லித் தீர்ப்பதா, உடலைத் தணிப்பதா? மனவடு சிகிச்சைகள் குறித்து ஓர் ஒப்பீடு

அச்சத்தைச் சொல்லும்போது தமிழ் உடலை விட்டு நகர்வதே இல்லை. அடிவயிறு கலங்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, நெஞ்சை அடைக்கிறது, கை கால் வெலவெலக்கிறது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மனவடு, அதாவது கொடிய அனுபவம் மனத்தில் விட்டுச்சென்ற காயம், கொண்டவர்கள் பெரும்பாலும் உடல் உபாதைகளைச் சொல்லிக்கொண்டே வருவதைக் கவனித்தார். மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம், மந்திர உச்சாடனம் போன்ற பழகிய வழிகளை அவர் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். உடல் வழியே மனவடுவை ஆற்றலாம் என்று இன்று விளம்பரப்படுத்தப்படும் கருத்து நமக்கு அவ்வளவு புதியதல்ல. நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வைக்கும் சிகிச்சைகளுக்கு அது ஈடாகுமா என்பதே கேள்வி.

இவ்விரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஓர் ஆய்வு இலங்கையின் வடகிழக்கில் நடந்திருக்கிறது. போரையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் கண்ட 31 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கதைசொல்லல் சிகிச்சையும் மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகள் வீதம் அளித்தார்கள். கதைசொல்லல் சிகிச்சையில் ஒரு கயிற்றைத் தரையில் நீளமாக விரிப்பார்கள். அதுதான் பிள்ளையின் வாழ்க்கை. மகிழ்ந்த நாள்களுக்குப் பூவும், துன்பம் வந்த நாள்களுக்குக் கல்லும் வைக்கப்படும். பின்பு ஒவ்வொரு கல்லின் அருகிலும் நின்று, அன்று கண்டது, கேட்டது, உடல் உணர்ந்தது எல்லாவற்றையும் முன்பின் ஒழுங்கோடு பிள்ளை சொல்ல, சிகிச்சையாளர் எழுதிக்கொள்வார். ஆறு மாதங்களுக்குப் பிறகு கதைசொன்ன பிரிவில் 81 விழுக்காட்டினரும் தளர்வுப் பயிற்சிப் பிரிவில் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தார்கள். புள்ளியியல்படி இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதல்ல.

அதற்காக இரண்டும் சமம் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. முப்பத்தொரு பேரை வைத்துக்கொண்டு நடுத்தரமான ஒரு வேறுபாட்டைக்கூடக் கண்டுபிடிக்க இயலாது. எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாவது பிரிவு ஒன்று இல்லாததால், அலை அடித்துச் சில வாரங்களே ஆகியிருந்த அந்த நேரத்தில் பிள்ளைகளில் எத்தனை பேர் தாமாகவே தேறியிருப்பார்கள் என்பதும் தெரியவராது. இவ்வளவு குறைகளுக்கு அப்பாலும் அந்த ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம், சிகிச்சையை அளித்தவர்கள் பயிற்றுவிக்கப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்கள் என்பதே.

உடல்வழிச் சிகிச்சைகளில் பெயர் பெற்றது அமெரிக்கரான பீட்டர் லெவின் வகுத்த சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங். அதன் அமர்வு ஒன்றில் முதலில் கேட்கப்படுவது நடந்த சம்பவம் அல்ல. ‘பாதம் தரையில் படுவது தெரிகிறதா? நாற்காலி முதுகைத் தாங்குவது தெரிகிறதா?’ என்று தொடங்குவார்கள். இறுகிய தொண்டையைச் சில நொடிகள் கவனித்தபின், உடலில் அமைதியாக உள்ள ஓரிடத்துக்கு, அது உள்ளங்கையாகவே இருந்தாலும், கவனத்தைத் திருப்பச் சொல்வார்கள். ஊஞ்சல்போல இங்கும் அங்குமாக, நினைவைச் சொட்டுச் சொட்டாக மட்டுமே தொடுவது இதன் நுட்பம். வேட்டைக்குத் தப்பிய விலங்கு உடலை உதறி நடுக்கத்தைத் தீர்த்துக்கொள்வதைப்போல மனிதனும் தேங்கிய ஆற்றலை வெளியேற்ற வேண்டும் என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிறுவப்பட்ட உடலியல் உண்மையாக அதை என்னால் ஏற்க இயலவில்லை. விளக்கம் பிழையாக இருந்தாலும் மருந்து வேலை செய்யலாம் என்பது வேறு விஷயம்.

வேலை செய்கிறதா? ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டில் 150 பேருக்கு 75 நிமிட அமர்வு ஒன்று மட்டும் அளித்து, எட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தேறியிருந்ததாக 2008-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. ஒப்பிட எவரும் இல்லாத இத்தகைய எண்களை நான் தள்ளியே வைப்பேன். இஸ்ரேலில் 63 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வு அதைவிட ஒழுங்கானது. வாரம் ஒன்றாகப் பதினைந்து அமர்வுகள் பெற்றவர்கள், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். ஆயினும் காத்திருப்பவர்களை வெல்வதும் இன்னொரு சிகிச்சையை வெல்வதும் ஒன்றல்ல.

சான்றுகளின் எடையைப் பார்த்தால் சொல்லித் தீர்க்கும் பக்கமே கனக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானவை, மனவடுவை மையமாகக் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சையும் (எண்ணங்களையும் நடத்தையையும் பேசிச் சீராக்குவது) இ.எம்.டி.ஆர். சிகிச்சையும். பின்னதில் சிகிச்சையாளரின் விரல் இடவலமாக அசைய, நினைவை மனத்தில் வைத்துக்கொண்டே கண்களால் அதைப் பின்தொடர வேண்டும். எல்லாவற்றையும் விரிவாக விவரிக்க வேண்டியதில்லை என்பதால் இதை இரு கரைகளுக்கும் நடுவில் வைக்கலாம். யோகமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. பிற சிகிச்சைகளில் தேறாத 64 பெண்களிடம் அமெரிக்காவில் பத்து வாரம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், யோகப் பிரிவில் 52 விழுக்காட்டினரும் உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற பிரிவில் 21 விழுக்காட்டினரும் மனவடு நோய்க்கான வரையறையிலிருந்து வெளியே வந்தார்கள். நம் ஊர் யோகா வகுப்பில் ஆசிரியர் முதுகைப் பிடித்து வளைப்பாரே, அத்தகைய யோகம் அல்ல இது. இங்கே கட்டளையும் இல்லை, தொடுதலும் இல்லை.

நான் தேர்வு செய்ய வேண்டுமானால் ஆளைப் பார்த்தே செய்வேன். விபத்து, வெள்ளம் போன்ற ஒற்றை நிகழ்வால் வடுப்பட்டு, அதைப் பற்றிப் பேசவும் முடிகிறவருக்குச் சொல்லித் தீர்க்கும் வழியே முதலில். அவரை மாதக்கணக்கில் மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்வது, கிடைக்கக்கூடிய நல்ல சிகிச்சையைத் தள்ளிப்போடுவதாகும். சிறுவயதிலிருந்தே நீண்ட கொடுமைக்கு ஆளாகி, வாயைத் திறந்ததும் உறைந்துபோகிறவருக்கோ உடலிலிருந்து தொடங்குவது நல்லது. ஆனால் இதையும் ஆபத்தற்ற மென்மை என்று எண்ணிவிடக் கூடாது: கண்களை மூடி அமைதியாக இருக்கச் சொன்ன மாத்திரத்திலேயே சிலருக்குப் பதற்றம் கூடும். கண்களைத் திறந்தே வைத்திருக்கலாமா, நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா, என்னைத் தொடுவதற்குமுன் கேட்பீர்களா என்று முதல் அமர்விலேயே கேட்டுவிடலாம். இவற்றுக்கு எரிச்சலோடு பதில் சொல்பவரிடம், அவர் எந்த முறையில் பயின்றவரானாலும், இரண்டாம் அமர்வுக்குப் போக வேண்டியதில்லை.