வம்சாவளித் தளத்துக்கு ஒரு வருட சந்தா: ஹட்டனிலிருந்து என் கருத்து

பூர்வீகம் தேடித் தரும் ஒரு வெளிநாட்டு இணையத்தளத்துக்கு ஒரு வருடம் சந்தா கட்டிப் பார்த்தேன், பெயர் வேண்டாம். தேடியது என் அப்பாயியின் அப்பாயியை. இலங்கையில் தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குடும்ப மரம் போடும் பகுதி அருமை. தமிழிலேயே பெயர் அடிக்கலாம், பழைய பத்திரங்களைப் படம் பிடித்து அந்தந்த ஆளுக்குக் கீழே ஏற்றலாம், கனடாவில் இருக்கும் மாமா மகள் அங்கிருந்தே திருத்தலாம்.

தேடல்தான் வயிற்றெரிச்சல். அமெரிக்காவில் அயோவா, நெப்ராஸ்கா பக்கம் குடியேறிய ஒரு பூட்டியைத் தேடுகிறவர்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. அங்கே 1850 கணக்கெடுப்பிலேயே, அடிமைகளைத் தவிர, வீட்டில் இருந்த எல்லோருடைய பெயரையும் எழுதிவிட்டார்கள். குடியேறுகிறவர்களுக்கு அரசு காணி கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் விதவையும் 21 வயதான கல்யாணமாகாத பெண்ணும்கூடத் தன் பேரிலேயே 160 ஏக்கர் வரை கேட்கலாம் (பழங்குடிகளிடம் பிடுங்கிய காணி என்பது வேறு விஷயம்), அதனால் அவளுக்கென்று ஒரு கோப்பு மிஞ்சும். எங்கள் பூட்டிக்கு ஏது காணி? ஆட்களைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்த பெரிய கங்காணியின் கடன் கணக்கில் பெயர் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். ஆளைக் கடனோடு கட்டிப்போட்ட துண்டு முறையே 1921இல்தான் ஒழிந்தது.

குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டால், தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய யாரோ ஒரு பெண்ணை ‘இவராக இருக்கலாம்’ என்று காட்டுகிறது. காரணம் இருக்கிறது. 1860இலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் போனவர்களை அப்பா பெயர், ஊர் என்று பதிவேட்டில் எழுதினார்கள். இங்கே கங்காணி கூட்டிவந்த சனத்துக்கு அப்படி ஒன்று இல்லை. தோட்டத்தின் பெயரைத் தேடினாலும் துரைமார் வைத்த பெயர்தான் வரும், நம் ஆட்கள் கூப்பிடும் பெயர் அதற்குத் தெரியாது.

எனக்கு உருப்படியாகக் கிடைத்ததெல்லாம் சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில்தான். 1949 சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் பிரதி. மணமானவர் 7 வருடம், மற்றவர் 10 வருடம், 1946க்கு முன் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டியிருந்ததால் எந்தத் தோட்டம், எந்த வருடம், யார் பிள்ளை என்று எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நம்மை நாடற்றவர்களாக்கிய அதே காலத்துக் காகிதம் இப்போது இப்படி உதவுகிறது, என்னத்தைச் சொல்ல. அதை வைத்துக் கச்சேரியில் ஒரு மரணச் சான்றிதழ் பிரதியும் எடுத்தேன். அதில் பூட்டியின் மகள் பெயர் இருக்கிறது, பூட்டி பெயர் இல்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் மரத்துக்காக. மரம் போட இலவசக் கணக்கே போதும். உங்கள் ஆட்கள் 1854இல் தோட்டத்துச் சனத்துக்காகத் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் வழியாக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்றால் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள், சந்தாவை விட அது மேல். அப்படியும் சந்தா கட்டுவதானால், தானாகப் புதுப்பிக்கும் தெரிவை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், டொலரில் வெட்டுவான்.