நாயோடு மலை ஏற: கிண்டர் ஸ்கௌட்டா, மாம் டோரா?

இங்கிலாந்தின் பீக் மாவட்ட மலைப்பகுதியில், மான்செஸ்டர், ஷெஃபீல்டு இரண்டுக்கும் நடுவே ஓடும் ரயிலில் ஈடேல் என்ற சின்ன ஸ்டேஷன் வரும். நாய்க்கு டிக்கெட் வேண்டாம். ஒருவர் இரண்டு நாய் வரை இலவசமாகக் கூட்டிப் போகலாம். இறங்கியதும் வடக்கே 636 மீட்டர் உயரத்தில் கிண்டர் ஸ்கௌட். தெற்கே 517 மீட்டரில் மாம் டோர், அங்கிருந்து லூஸ் ஹில் வரை நீளும் முகடு. எங்கள் லாப்ரடார் மணியோடு இரண்டிலும் பல தடவை நடந்திருக்கிறேன். எது நல்லது என்று கேட்டால், எந்த மாதம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கிண்டரில் கூரான உச்சி கிடையாது. மேலே பரந்த மேட்டுநிலம், முழுக்க பீட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகள் சரியாக மக்காமல், ஈரத்திலேயே ஊறிச் சேர்ந்த கறுப்பு மண் அது. ஓடை நீர்கூட பால் விடாத டீ நிறத்தில்தான் இருக்கும். போன அக்டோபரில் கெட்டித் தரை என்று நம்பி மணி ஒரு கறுப்புத் திட்டில் தாவினான். வயிறு வரை இறங்கிவிட்டான். குரைக்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் ஹார்னஸின் முதுகுப் பிடியைப் பற்றி இழுத்ததும் சளக்கென்று வெளியே வந்தான். வெறும் கழுத்துப்பட்டை போட்டிருந்தால் அப்படித் தூக்கியிருக்க முடியாது. கிண்டருக்குப் போவதென்றால் பிடி வைத்த ஹார்னஸ் கட்டாயம் வேண்டும்.

ஏறும் வழியும் முக்கியம். கிரைண்ட்ஸ்புரூக் ஓடை வழி அழகுதான், ஆனால் கடைசிப் பகுதியில் பெரிய பாறைகள் மேல் தொற்றி ஏற வேண்டும். முப்பது கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு அது ஆகாது. ஜேக்கப்ஸ் லேடர் கற்படிகளில் ஏறி அதே வழியில் இறங்குவதுதான் நாய்க்கு நல்லது.

மாம் டோர் முகட்டில் இந்தத் தொல்லை இல்லை. பாதையில் பெரும்பகுதி கல் பாவியது, வழி தவற வாய்ப்புக் குறைவு, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும். அரை நாளில் முடிந்துவிடும். ஆனால் முகட்டில் ஓடை கிடையாது, நாய்க்கும் தண்ணீர் சுமக்க வேண்டும். சனி, ஞாயிறுகளில் கூட்டமும் அதிகம். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஆடுகள். துரத்தப்பட்ட சினை ஆட்டுக்குக் கரு கலைந்துபோகும். தன் ஆடுகளை விரட்டும் நாயை வேறு வழியில்லாதபோது விவசாயி சுட்டாலும் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். அதனால் அங்கே மணியின் கயிறு என் கையை விட்டுப் போவதே இல்லை. கன்றோடு நிற்கும் மாடு விரட்டினால் மட்டும் கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் தப்பி ஓடிவிடும், மாடும் நம்மை விட்டுவிட்டு அதன் பின்னால்தான் போகும்.

கிண்டரில் அவிழ்த்து விடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் மாதக் கணக்கு வருகிறது. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டிலிருந்து சில நூறு பேர் நடக்கும் உரிமை கேட்டு, நில உரிமையாளர்களின் தடையை மீறி இந்த மலையில் ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்த மலைவெளிகளில் நடக்கும் உரிமை 2000-இல் சட்டமானது. அதே சட்டம் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அந்த நிலத்தில் நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் வைக்கச் சொல்கிறது. கால்நடை அருகே எந்த மாதமானாலும் அப்படித்தான். அது சரியான விதி. பொன்னிற உப்புக்கொத்தி, வளைந்த நீண்ட அலகுள்ள கர்லூ, கோழி போன்ற சிவப்பு கிரௌஸ் ஆகிய பறவைகள் எல்லாம் தரையில்தான் முட்டையிடுகின்றன. நாய் மிதிக்கக்கூட வேண்டாம். பக்கத்தில் மோப்பம் பிடித்தாலே தாய் எழுந்து பறந்துவிடும், முட்டை குளிர்ந்துபோகும். இங்கிலாந்தில் மலைமுயல் வாழ்வதும் இந்த பீக் மாவட்டத்தில் மட்டும்தான். பனி இல்லாத குளிர்காலத்தில், பழுப்பு மலையில் அதன் வெள்ளை உடம்பு தூரத்திலிருந்தே தெரியும். நமக்கே தெரிந்தால் நாய்க்குத் தெரியாதா?

அதனால் மார்ச் முதல் ஜூலை வரை நான் மாம் டோர் பக்கம்தான் போகிறேன். கல் பாதையை விட்டு விலகாமல் நடந்தால் கூடு கட்டிய பறவைக்குத் தொந்தரவு குறைவு. ஹெதர் என்ற குறுஞ்செடி ஊதா நிறத்தில் பூக்கும் ஆகஸ்டில் கிண்டருக்கு மாறிவிடுவேன். மணிக்கு ஓடை, எனக்கு ஆளரவமில்லாத மேட்டுவெளி. ஆனால் அங்கே மூடுபனி இறங்கினால் எல்லாத் திசையும் ஒன்றுபோல் ஆகிவிடும். மேட்டின் விளிம்பில் பாறைச் சரிவுகள் உண்டு. முப்பது மீட்டர் இறங்கும் கிண்டர் டவுன்ஃபால் அருவியும் அங்கேதான். வரைபடமும் திசைகாட்டியும் பார்க்கத் தெரியாதவர்கள் எந்த மாதமானாலும் முகட்டுக்கே போகலாம்.

எங்கே போனாலும் திரும்பும் ரயிலில் மணியின் காது மடிப்பு, அக்குள், விரலிடுக்கு மூன்றையும் தடவிப் பார்ப்பேன். புல்லிலும் புதரிலும் உண்ணி இருக்கும். அது லைம் நோயைப் பரப்பும். பிறகு என் கால்களையும் பார்த்துக்கொள்வேன்.