வண்ணாரப்பேட்டை புகைப் பரிசோதனை: குழாயை வைத்துத்தான் பார்க்கிறார்கள்

களக்காட்டிலிருந்து திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றி வருகிற குட்டியானை என்னுடையது. 2018 மாடல், பிஎஸ்-4 (அரசின் புகை அளவு விதியில் ஒரு படி) டீசல். புகைச் சான்றிதழ் முடியப்போகிறதே என்று வண்ணாரப்பேட்டை பைபாஸில், பெட்ரோல் பங்க்கை ஒட்டியிருக்கிற பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். லோடு வண்டிக்காரர்கள் எல்லோரையும் அங்கேயே போகச் சொல்வேன்.

முன்பு போன வேறொரு இடத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார்கள், காசை வாங்கினார்கள், தாளை நீட்டினார்கள். சைலன்சர் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செக்கிங்கில் காட்டத்தான் அந்தத் தாள் உதவும்.

இங்கே இருக்கிற தம்பி, "அண்ணாச்சி, இன்ஜின் நல்லா சூடாகட்டும், ஆறின வண்டியில பார்த்தா சரியா வராது" என்றார். அப்புறம் சைலன்சருக்குள் குழாயைச் செருகிவிட்டு, நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதிக்கச் சொன்னார். விட்டு, மறுபடியும் மிதி. ஒவ்வொரு மிதிக்கும் புகை எவ்வளவு அடர்த்தி என்று காட்டுகிற எண் ஏறி இறங்குவதைத் திரையை நம் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். பிஎஸ்-4 டீசலுக்கு வரம்பு 1.62. என் வண்டி 1.9 காட்டியது. சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார். கறுப்பாகப் புகைந்தால் டீசல் முழுசாக எரியவில்லை என்று அர்த்தம், முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அப்புறம் இன்ஜெக்டர் என்றார். மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் செம்மண்ணாகக் கொட்டுகிறது. புதுசு மாட்டிக்கொண்டு போனபோது 1.1. மேட்டில் இழுவையும் கூடியிருக்கிறது.

நயினார்குளத்தில் தார் இறக்குகிற ஆட்கள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். தோளில் சுமையோடு மூச்சிரைக்கும்போது அந்தப் புகை நேரே உள்ளே போகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே சொல்லிவிட்டது. தாள் கிடைத்தால் போதும் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

குறை என்றால், நிற்க நிழல் இல்லை. ஒரே ஆள் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் மூடிவிடுகிறார். கட்டணம் பலகையில் எழுதியிருப்பதுதான், மேலே ஒரு பைசா கேட்பதில்லை. சான்றிதழ் அப்போதே அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் ஏறிவிடுகிறது. ஓடிபி வரும், ஆர்சியில் கொடுத்த நம்பர் உள்ள போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் லோடு இறக்கிய கையோடு, இன்ஜின் சூடு ஆறுவதற்குள் போய்விட்டால் சீக்கிரம் வேலை முடியும்.