"என் ஹாரர் கேமை டெஸ்ட் பண்ணித் தர்றியா?" என்று மெசேஜ் வந்தால்

டிஸ்கார்ட் என்ற சாட் ஆப்பில் சுற்றும் ஹாரர் கேம் பிரியர்கள் இதைப் படித்துவிடுங்கள். என் கணக்கு பறிபோனது இப்படித்தான்.

கல்லூரி நண்பனின் கணக்கிலிருந்து மெசேஜ். அவனும் இன்னொருத்தரும் சேர்ந்து கேம் செய்திருக்கிறார்களாம், ஆடிப் பார்த்து பக் (கோளாறு) இருந்தால் சொல்ல வேண்டுமாம். எப்போதும் தங்கிலீஷில் அடிக்கிறவன், அன்றைக்கு முழுக்க ஆங்கிலம். லிங்க்கில் ஒரு பக்கம்: இரவு நெடுஞ்சாலை, காரில் கணவன் மனைவி, மேலே வெள்ளை ஒளி, நினைவில் இல்லாமல் போன சில மணி நேரம். 1961-இல் நியூ ஹாம்ப்ஷயரில் பெட்டி, பார்னி ஹில் தம்பதி தங்களுக்கு நடந்ததாகச் சொன்ன அதே கதை, பெயர் மட்டும் மாற்றி. ஏலியன் கடத்தல் கதை பிடித்தவன் எவனும் டவுன்லோட் பட்டனைத் தேடுவான். நாற்பது நிமிட கேம், இலவசம்.

ஃபைல் பாஸ்வேர்ட் போட்ட ஜிப். பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அதன் காரணம். "லீக் ஆகாமல் இருக்க" என்று நமக்குச் சொல்வார்கள். திறந்ததும் விண்டோஸ் 'தெரியாத வெளியீட்டாளர்' என்று எச்சரித்தது. இங்கேதான் இவர்களுடைய கெட்டிக்காரத்தனம். வெளியிட்டது யார் என்று காட்டும் கையொப்பச் சான்றிதழுக்குச் செலவழிக்க முடியாத, சொந்தமாகக் கேம் செய்கிற நேர்மையான இண்டி டெவலப்பரின் கேமுக்கும் இதே பெட்டிதான் வரும். அதைத் தாண்டிப் போய்ப் பழகிய கூட்டம் நாம். கறுப்புத் திரை, ஒரு எரர், அவ்வளவுதான். ஏலியனும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை.

அதற்குள் பிரவுசரில் லாகின் ஆகியிருந்த செஷன்கள் (மறுபடி பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே விடும் பதிவுகள்) எல்லாம் போய்விட்டன. பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கிற டூ ஃபேக்டர் போட்டிருந்தேன், பிரயோசனமில்லை. ஏற்கெனவே உள்ளே நுழைந்த செஷனையே தூக்கிக்கொண்டு போனால் ஓடிபி யார் கேட்கப் போகிறார்கள்? அன்று ராத்திரியே என் பெயரில் என் நண்பர்களுக்கு அதே மெசேஜ் போனது. நண்பன் கணக்கும் அதற்கு முன்பே திருடப்பட்டதுதான்.

ஸ்டீம் என்ற பெரிய கேம் கடையில் இருந்தால் பயமில்லை என்றும் இருந்துவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற இலவச கேமில் இதே வகைத் திருட்டு மென்பொருள் இருந்து, பிறகு தூக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பிளாக்பிளாஸ்டர்ஸ். அதில் ஒரு ஸ்ட்ரீமர் தன் புற்றுநோய் சிகிச்சைக்குச் சேர்த்த நன்கொடையையே இழந்தார்.

மாட்டிக்கொண்டால் அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் மாற்றாதீர்கள். புது பாஸ்வேர்டும் திருடனுக்கே போகும். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் லாக் அவுட் கொடுங்கள். அப்புறம் டிஸ்கார்ட், ஸ்டீம். பிறகு விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுங்கள், வைரஸ் ஸ்கேனோடு விட்டுவிட வேண்டாம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

நண்பர்களே கேட்டாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறவுங்கள். அந்தப் பக்கத்தைப் புகார் செய்து நீக்க வைத்தோம். இப்போது வேறு தலைப்பில், அதே காரும் அதே வெள்ளை ஒளியுமாக இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கிறது.